படபடப்பு ஒன்றுதான், நோய் வேறு

எனக்குப் பேனிக் கோளாறும் (காரணமில்லாமல் திடீர் திடீரென்று பீதி தாக்கும் நோய்) வந்திருக்கிறது, பிடிஎஸ்டியும் (பெரிய அதிர்ச்சி ஒன்றுக்குப் பிறகு வரும் மனநோய்) வந்திருக்கிறது. முன்னது 2006-இல், பின்னது 2017-இல். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே எவ்வளவு வேறு என்பது இரண்டையும் பட்டவர்களுக்குத்தான் தெரியும். இப்போது எழுதக் காரணம் உறவில் ஒரு பெண். பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியவள். ஒரு வருடத்துக்கு மேலாக 'ஆங்ஸைட்டி' என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். படபடப்பு இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பிரசவ அறையில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் பேனிக். திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் கவுன்ட்டர் வேலை. மாத முதல் வாரம், பென்ஷன் வாங்க வந்தவர்கள் வரிசை வாசல்வரை நின்றது. விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்தது, விரல் நுனிகள் மரத்தன, இன்னும் இரண்டு நிமிடத்தில் செத்துவிடுவேன் என்று உறுதியாகத் தோன்றியது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "கேஸ்தான்மா" என்றார் ஒரு டாக்டர். மறுபடி வந்தது. அப்புறம் வந்துவிடுமோ என்ற பயம், வந்ததைவிடப் பெரிதாகிவிட்டது. சினிமா தியேட்டரில் ஓர சீட், பேருந்தில் படிக்குப் பக்கத்து சீட், எங்கே போனாலும் பையில் ஒரு தண்ணீர் பாட்டில். வீட்டுக்காரர் கூட வந்தால் போவேன், தனியாகப் போக மாட்டேன்.

மனநல மருத்துவர் ஒரு மாத்திரையும் ஒரு விசித்திரமான வீட்டுப்பாடமும் கொடுத்தார். சுழல் நாற்காலியில் சுற்றித் தலைசுற்ற வைத்துக்கொள்ள வேண்டும், மாடிப்படியில் ஓடி நெஞ்சைப் படபடக்க வைக்க வேண்டும். படபடப்பு என்பது படபடப்பு மட்டுமே, சாவு இல்லை என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டுமாம். கற்றுக்கொண்டது. சில மாதங்களில் தனியாகப் பேருந்தில் போக ஆரம்பித்தேன்.

2017 தை மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மேல்மருவத்தூருக்கு வேன் பேசினோம். எல்லோரும் செவ்வாடை, மடியில் இருமுடி, பின்சீட்டில் தூக்குவாளி நிறையப் புளியோதரை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். விடிவதற்கு முன், உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால், விளக்கு போடாமல் ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் எங்கள் வேன் மோதியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது, நெற்றியில் தையல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா போய்விட்டார். அதற்கு மேல் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த மாதிரி விவரங்கள், இதே மாதிரி ஒன்றைக் கடந்து வந்த யாராவது படித்தால் அவர்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். காயத்தோடும் காயமில்லாமலும் பிழைத்துக்கொண்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. பிடிஎஸ்டி என்றதும் நமக்குப் போர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் ஊரில் அது அதிகம் நடமாடும் இடங்களில் ஒன்று நெடுஞ்சாலை.

அந்த வேனில் இருந்த எல்லோருக்கும் முதல் சில வாரங்கள் தூக்கமில்லை. எல்லோரும் திடுக்கிட்டு எழுந்தார்கள், எல்லோரும் அழுதார்கள். அது நோயில்லை. பெரும்பாலானவர்கள் தானாகவே தேறினார்கள். ஒரு மாதம் என்று கணக்கு வைத்திருப்பது அதனால்தான். ஒரு மாதத்துக்கு மேலும் அறிகுறிகள் குறையாமல் அன்றாட வேலையைக் கெடுத்தால்தான் பிடிஎஸ்டி என்று யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். சிலருக்கு முழுமையாக வெளிப்பட ஆறு மாதமும் தாண்டலாம். வேனில் வந்த ஒரு சிறுவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பொம்மை வேனை அலமாரிக் காலில் மோத விட்டுக்கொண்டே இருந்தான், நாள் முழுக்க. விளையாட்டு என்று அவன் வீட்டில் நினைத்தார்கள். பிள்ளைகளுக்கு நினைவு அப்படித்தான் திரும்ப வரும் என்று பின்னால் தெரிந்தது.

எனக்கு இரண்டு மாதம் கழிந்தும் விடவில்லை. பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அதே படபடப்பு, அதே வியர்வை. பழைய வைத்தியத்தையே எடுத்தேன். மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன், "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டேன். அங்கேதான் இடித்தது. பேனிக்கில் "ஒன்றும் ஆகாது" என்பது உண்மை. இங்கே ஏற்கெனவே ஆகிவிட்டது. இல்லாத ஆபத்தை மனசு கற்பனை செய்யவில்லை, நடந்ததை மறுபடி நடத்திக்கொண்டிருந்தது. அதனிடம் போய் ஒன்றும் ஆகாது என்றால் எப்படி நம்பும்?

பேனிக் எனக்கு உடம்புக்குள்ளிருந்து வந்தது. இதயம் ஒரு துடிப்பு தப்பினால் போதும். இது வெளியிலிருந்து வந்தது: டீசல் வாடை, பிரேக் சத்தம், சிவப்புப் புடவை கட்டிய நாலு பேர் சேர்ந்து நடந்து வருவது, புளியோதரை. ஆமாம், புளியோதரை. சனிக்கிழமை பெருமாள் கோயிலில் தொன்னையை நீட்டினால் கை நடுங்கும். அத்தை ஒருநாள் வீட்டில் புளிக்காய்ச்சல் கிளறியபோது நான் அடுப்படியில் இல்லை, வேனில் இருந்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதிரே அடுப்பு இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பேனிக் எத்தனை மோசமாக வந்தபோதும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை.

தூக்கமும் வேறு. பேனிக் காலத்தில் நடுராத்திரியில் படபடப்போடு எழுந்ததுண்டு, ஆனால் கனவு எதுவும் இருக்காது. இப்போது கனவுதான் எழுப்பியது, அதே கனவு. அதற்குப் பயந்தே தூங்காமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சும் அப்படியே. பேனிக் வந்த நாட்களில் யார் கிடைத்தாலும் அதைப் பற்றித்தான் பேசுவேன். எந்த டாக்டர், எந்த டெஸ்ட், இது ஹார்ட் அட்டாக் இல்லையே என்று நச்சரிப்பேன். விபத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. உளுந்தூர்பேட்டை என்ற பெயரை டிவியில் சொன்னால் சேனலை மாற்றுவேன். கூட ஆள் வந்தால் பேனிக் அடங்கும் என்றேனே, இதில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியுமே.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது, இதில் பயம் மட்டும் இல்லை என்பது. அக்காவுக்குக் குமட்டுகிறது என்று ஜன்னல் சீட்டை நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அந்தக் குற்றவுணர்ச்சி பயத்தைவிடக் கனமாக இருந்தது. அக்காவின் மகள் எதிரே வந்தால் வேறு தெரு வழியாகப் போனேன். குக்கர் மூடியைச் சத்தமாக வைத்தார் என்று வீட்டுக்காரர்மேல் கத்தினேன். அண்ணன் மகளின் வளைகாப்பில் எல்லோரும் சிரிக்க, நான் வளையல் அடுக்கிக்கொண்டு உள்ளே ஒன்றுமே இல்லாமல் நின்றேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பேனிக் என் சந்தோஷத்தை ஒருபோதும் தொட்டதில்லை. தாக்குதல் முடிந்த பத்தாவது நிமிடம் சீரியல் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

என் அண்ணனுக்கு இருப்பது இன்னொரு வகை, பொதுப்பதற்றம் என்பார்கள். கேஸ் சிலிண்டர் வெடித்துவிடுமோ, மகள் போன ரயில் ஏன் லேட், வட்டி விகிதம் குறைந்தால் என்ன செய்வது என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று ஓடும். ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படிப் பல விஷயங்களைப் பற்றிக் கவலை ஓடினால் அந்தப் பெயர் வைப்பார்கள். அவர் கவலைகள் எல்லாமே இனி நடக்கப்போவதைப் பற்றியவை, விஷயமும் தினம் மாறும். என்னுடையது மாறவே இல்லை. ஒரே சாலை, ஒரே லாரி, ஒரே விடிகாலை.

குடும்ப டாக்டர் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத் தூக்கம் வந்தது. பிறகு மாத்திரை இல்லாவிட்டால் தூக்கம் இல்லை என்றானது, கனவு மட்டும் அப்படியே இருந்தது. இந்த வகை மாத்திரைகளை பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் இன்றைய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதிர்ச்சி நடந்த முதல் மாதத்திலும் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகலாம். டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அத்தை என்னைத் தர்காவுக்கு அழைத்துப் போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். வேப்பிலையும் அடித்தார்கள். 'பயந்த கோளாறு' என்று நம் ஊரில் இதற்கு எப்போதோ பெயர் வைத்து, எதையோ பார்த்துத்தான் பயந்திருக்கிறாள் என்று காரணத்தையும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம். டாக்டர்கள் கேட்காததை அங்கே மந்திரித்த பெரியவர் கேட்டார்: "எங்கம்மா பயந்தே?" கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கனவு நிற்கவில்லை.

கடைசியில் என்னை ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார்கள். இருபது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 80. முப்பதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று பொதுவாகக் கொள்வார்கள், அது மட்டுமே நோயை முடிவு செய்யாது. எனக்கு ஐம்பதைத் தாண்டியது. பெயர் தெரிந்ததும் கோபம்தான் வந்தது. அதே அறிகுறிகளோடு நான் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருந்தேன்!

அந்த உளவியலாளர் மேடம் சொன்ன ஒரு விஷயம் எனக்கு நிறையப் புரியவைத்தது. பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-இல் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலைமை அதற்கு ஒரு பெரிய காரணம். அப்போது அதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில்தான் வைத்தார்கள். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் வெளியே எடுத்து, அதிர்ச்சி சார்ந்த கோளாறுகள் என்று தனி அத்தியாயமே கொடுத்துவிட்டார்கள். ஒரு காரணம், பதற்றக் கோளாறுகளுக்கு இன்ன சம்பவம் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, இதற்கு உண்டு: சாவு, பலத்த காயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்று தனக்கு நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது நெருங்கியவருக்கு அப்படி நடந்ததை அறிந்திருக்க வேண்டும். விபத்துகளில் உடல் எடுக்கும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களும் இதில் அடக்கம். இன்னொரு காரணம் நான் வளைகாப்பில் நின்ற நிலை. குற்றவுணர்ச்சி, கோபம், அவமானம், மரத்துப்போதல் எல்லாம் பயத்தின் கணக்கில் அடங்கவில்லை. வேலை போனது, காதல் முறிந்தது இவையெல்லாம் மனிதனை உடைக்கும், ஆனால் இந்த வரையறைக்குள் வராது. 'மேத்ஸ் டீச்சரால எனக்கு பிடிஎஸ்டி' என்று பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டால் நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன், சண்டை போடுவதில்லை.

வங்கிக்காரியிடம் பேச மேடத்துக்குத் தெரிந்திருந்தது. "உங்க வவுச்சர்ல தேதி விழலை. அதனால தினமும் இன்னைய கணக்குல ஏறுது" என்றார். இவ்வளவு தெளிவாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. எல்லா நினைவுகளுக்கும் 'இது நடந்து முடிந்தது' என்று ஒரு தேதி உண்டு. அந்த விடிகாலைக்கு மட்டும் இல்லை. சிகிச்சை என்பது தேதி போடும் வேலை.

அந்த வேலை சுலபமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து, நிகழ்காலத்தில், வாசனை சத்தம் உட்படச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதை மொபைலில் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம்வரை, சாதாரணமாக எட்டிலிருந்து பதினைந்து அமர்வுகள். இதற்கு நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சை என்று பெயர், எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்தது. நினைவின்மேல் ஏறிய அர்த்தங்களைப் பிரித்துப் பார்க்கும் இன்னொரு முறையும், கண்களை இடவலமாக அசைத்தபடி நினைவுகூரும் ஈஎம்டிஆரும் உண்டு. மூன்றுக்குமே நல்ல ஆதாரம் இருக்கிறது. உங்கள் ஊரில் எதற்குப் பயிற்சி பெற்றவர் கிடைக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரை வகை.

ஆரம்ப அமர்வுகளுக்குப் பிறகு கனவு அதிகமானது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் நான் ஓடவில்லை. பாதியில் விட்டுவிடுகிற பலர் விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், காயத்தைக் கிளறி மூடாமல் விட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு விஷயம் உதவியது. அமர்வு அன்று மதியம் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, பதிவைக் கேட்க வீட்டில் ஒரே இடம், ஒரே நேரம். படுக்கையறையில் கேட்கவே இல்லை.

சொல்லச் சொல்ல, நான் மறந்துவிட்டிருந்த ஒன்று வந்தது. ஜன்னல் சீட்டை நான் கொடுக்க முன்வருவதற்கு முன்பே அக்கா இரண்டு முறை கேட்டிருந்தார். "எனக்கு வாந்தி வரும், நீ இங்கிட்டு வா" என்று. குற்றவுணர்ச்சி அன்றோடு போய்விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. அக்காவின் மகளிடம் போய் உட்கார்ந்து பேச முடிந்தது.

வெளியில் செய்ய வேண்டிய பாடமும் இருந்தது. கஷ்டத்தின் வரிசையில் ஒரு பட்டியல் போட்டோம்: பெட்ரோல் பங்க்கில் நிற்பது, புளியோதரை சாப்பிடுவது, பகலில் வேனில் பெரம்பலூர் போவது, கடைசியில் விடிகாலையில் அந்த இடத்தைத் தாண்டுவது. அங்கே இப்போது ஒரு டீக்கடை இருக்கிறது. டீ சுமார்தான்.

உடனடியாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு வழியும் கற்றேன். பேனிக்குக்கு இது தேவைப்பட்டதில்லை. நினைவு இழுக்கும்போது தேதியை, கிழமையை வாய்விட்டுச் சொல்வேன், தரையைப் பாதத்தால் அழுத்துவேன், இன்று என்ன நிறப் புடவை கட்டியிருக்கிறேன் என்று குனிந்து பார்ப்பேன். சிவப்பு இல்லை என்பதைக் கண்ணே பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: "மறந்துடு" என்று சொல்லாதீர்கள், மறக்க முடியாததுதான் நோயே. அதே சமயம் சம்பவம் நடந்த கையோடு "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு, மனசு லேசாகும்" என்று பிடித்து உட்கார வைக்கவும் வேண்டாம். விருப்பமில்லாதவரை உடனே பேச வைப்பது உதவுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று தெரிந்து அந்த முறையையே கைவிட்டிருக்கிறார்கள். சாப்பாடு, தூக்கம், ஆஸ்பத்திரி பில், போலீஸ் ஸ்டேஷன் அலைச்சல் இவற்றில் ஒன்றைத் தோளில் எடுத்துக்கொண்டால் அதுவே முதலுதவி. பின்னாலிருந்து தொட்டுக் கூப்பிடாதீர்கள். தீபாவளிக்கு எந்த நேரத்தில் வெடி போடுவீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது படபடப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஓபி வரிசையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம். "இந்த மாதம் இந்த விபத்தில் இருந்தேன், அதிலிருந்து இப்படி இருக்கிறது" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். என்னென்ன பார்த்தால், முகர்ந்தால் வருகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், மறதியும் எரிச்சலும் அதனாலும் வரும். குடி ஏறியிருந்தால் அதையும். எந்த வாசலில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலிமானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசுகிறார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

நஷ்டஈட்டு வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லும் நாளில் எல்லாம் திரும்பி வரும், எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்கும் விதம் அப்படி. எனக்கு அந்த வாரத்தில் கூடுதல் அமர்வு வைத்தார்கள். மனநல சிகிச்சைச் சீட்டுகளையும் எலும்பு டாக்டர் சீட்டுகளோடு சேர்த்து வைக்கச் சொன்னார் எங்கள் வக்கீல்.

மார்கழி, தை வந்தால் இப்போதும் கொஞ்சம் ஏறும். நெடுஞ்சாலை முழுக்க செவ்வாடைப் பேருந்துகள். அந்த மாதங்களில் தூக்கத்தைக் கவனிக்கிறேன், காபியைக் குறைக்கிறேன், தேவைப்பட்டால் மேடத்திடம் ஒரு நடை போய்வருகிறேன்.

போன வருடம் ஒரு கல்யாண மண்டப லிஃப்டில், கூட்டத்துக்கு நடுவே, திடீரென்று நெஞ்சு அடைத்து விரல் மரத்தது. டீசல் வாடை இல்லை, வேன் இல்லை, லிஃப்டுக்குள்தான் நிற்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அட, இது அந்தப் பழைய பேனிக் என்று புரிந்தது. மூச்சோடு மல்லுக்கட்டாமல் நின்றேன், மூன்றாம் மாடி வருவதற்குள் இறங்கத் தொடங்கியது. சாப்பிட்டுவிட்டு அதே லிஃப்டிலேயே கீழே வந்தேன். படியில் இறங்கியிருந்தால் அடுத்த கல்யாணத்துக்கும் படிதான் என்பது 2006-லேயே தெரிந்துகொண்டது.